மனித சாதியும் கடல் நுண்ணுயிரும்

(மதுரையில் தோழர்களுக்கான வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசியல் பேச அழைக்கப்பட்டவன் கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், உங்களிற் சிலர் முகம் சுளிக்கக்கூடும். விலைவாசி இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது, வைகைப் பாசனம் இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கிருமி ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். அதற்கு விடை சொல்லிவிட்டே மேலே செல்கிறேன்.

நம் ஊர்ப்புறங்களில் தீண்டாமையை எதிர்த்துப் பேசப்போகும் தோழர் ஒவ்வொருவரும் அறிந்த நிலைமை ஒன்று உண்டு. நிலத்தைப் பற்றிப் பேசினால் எதிரில் இருப்பவர் காது கொடுத்துக் கேட்கிறார். கூலியைப் பற்றிப் பேசினால் தலையசைக்கிறார். சட்டத்தை எடுத்துச் சொன்னால், ‘ஆமாம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது’ என்று ஒப்புக்கொள்கிறார். அனைத்தையும் ஒப்புக்கொண்ட பிறகு, ‘என்ன இருந்தாலும் ரத்தம் என்று ஒன்று இருக்கிறதல்லவா தம்பி? விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?’ என்று ஒரு சொல் சொல்லுகிறார். இரண்டு மணி நேரம் நாம் பேசியதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடிபட்டுப் போகிறது. சாஸ்திரம் ஓடி ஒளிந்த காலத்திலும், மன்னர்கள் மறைந்த காலத்திலும், சாதிக்குக் கடைசிப் புகலிடமாக இருப்பது இந்த ‘ரத்தம்’ என்னும் சொல்லே. ஆகவே அந்தப் புகலிடத்துக்குள்ளேயே இன்று நுழைந்து பார்ப்போம் என்கிறேன்.

மனிதனுக்கும் மனிதனுக்கும் பிறப்பிலேயே வேற்றுமை உண்டா? உண்டு. ஒருவர் உயரம், ஒருவர் குள்ளம். ஒருவர் கறுப்பு, ஒருவர் சிவப்பு. இதை மறுப்பது அறிவுடைமை ஆகாது. அந்த வேற்றுமை பெரிதா, சிறிதா என்பதே கேள்வி. பெரிது, சிறிது என்று சொல்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். மனிதரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த அளவுகோல் கிடைக்காது. கிணற்றுத் தவளைக்குக் கிணற்றின் அகலமே உலகத்தின் அகலம். எனவே மதுரையை விட்டுச் சற்றுக் கடலுக்குச் செல்வோம்.

வெப்பக் கடல்களின் நீரில் ஓர் உயிர் வாழ்கிறது. அதன் பெயர் புரோகுளோரோகாக்கஸ். பெயர் நீளமாக இருக்கிறதே என்று அஞ்சவேண்டாம். உருவம் மிகச் சிறிது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. இது நோய் தரும் கிருமியன்று. வெயிலை உண்டு வாழும் பாக்டீரியா. செடியின் இலை செய்யும் வேலையைக் கடலில் செய்வது. மேற்பரப்பு நீரில் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் என்ற அளவுக்கு நிறைந்து கிடக்கிறது. உலகம் முழுவதும் இதன் தொகையை மூன்று என்று எழுதி, அதன் பின்னே 27 சுழிகள் இட்டுக் கணக்கிடுகிறார்கள். உலகத்து மனிதர் 800 கோடிக்கும் பங்கிட்டால் தலைக்கு 3,700 கோடி கோடி வரும். கடற் பயிர்கள் யாவும் சேர்ந்து ஆக்கும் உணவில் நூற்றுக்கு எட்டுப் பங்கு இதனுடையது. நாம் விடும் மூச்சில் இதற்கும் பங்குண்டு என்று சொன்னால் மிகையன்று.

இவ்வளவு பெரிய கூட்டம் 1980-களின் நடுப்பகுதி வரை விஞ்ஞானத்தின் கண்ணிலேயே படவில்லை! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சாலி சிஸ்ஹோம் என்னும் அம்மையாரும், ராபர்ட் ஓல்சன் முதலிய அறிஞரும், அணுக்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையின் குறுக்கே ஓடவிட்டு எண்ணும் கருவியைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். ரத்த அணுக்களை ஆராய்வதற்குப் பயன்பட்டுவந்த கருவி அது. அதனைக்கொண்டு கடல்நீரை ஆராய்ந்தபோது இவ்வுயிர் அகப்பட்டது. 1988-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். கோடானு கோடியாக உழைத்து உலகுக்குச் சோறிடும் ஒரு கூட்டம் யார் கண்ணிலும் படாமல் இருப்பது கடலில் மட்டும் நடக்கும் காரியமா என்று உங்களுக்குத் தோன்றினால், அது உங்கள் சிந்தனை. நான் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த நுண்ணுயிரில் ஒன்றை எடுத்து அதன் மரபணுக்களை எண்ணினால் ஏறத்தாழ 2,000 இருக்கும். வேறொன்றை எடுத்து எண்ணினால் அதிலும் ஏறக்குறைய அவ்வளவே இருக்கும். ஆனால் அந்த 2,000-மும் இந்த 2,000-மும் ஒன்றல்ல. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பவை ஏறத்தாழ ஆயிரம்தான். மற்றவை ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இரா. அந்தப் பெயருக்குள் அடங்கும் எல்லா நுண்ணுயிர்களின் மரபணுக்களையும் திரட்டினால் வெவ்வேறானவை 80,000-க்கும் மேல் வரும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதனிடம் உள்ளவை ஏறத்தாழ 20,000. அதைப்போல் நான்கு மடங்கு! 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி இன்னும் வியப்பானது. அட்லாண்டிக் கடலில் பெர்முடாத் தீவின் அருகே, ஒரே இடத்து நீரில் எடுத்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான கிளைகள் ஒன்றோடொன்று கலந்து மிதந்தன. அக்கிளைகள் பிரிந்து சில பத்து லட்சம் ஆண்டுகளாவது ஆகியிருக்கவேண்டும் என்று கணக்கிட்டனர். ஒரே நீரில், ஒரே வெயிலில், பத்து லட்சக்கணக்கான ஆண்டு இடைவெளி கொண்ட உறவினர் பக்கத்தில் பக்கத்தில்! இத்தனை பேதத்தை ஒரே பெயருக்குள் அடக்கலாமா, பல பெயர் கொடுக்கவேண்டுமா என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். வழக்கு எப்படித் தீர்ந்தாலும் நமக்கு நஷ்டமில்லை. இயற்கையில் ‘வேற்றுமை’ என்று சொன்னால் அதன் அளவு எத்தகையது என்பதை அறிந்துகொண்டோம்; அது போதும்.

இனி மனிதனைப் பார்ப்போம். உயிர்நூலார் கணக்கில் மனிதனும் குரங்கினத்தில் ஒருவனே. டார்வின் சொன்னார் என்று அன்று கோபித்தவர்கள் உண்டு. இன்று கோபிப்பவர்களும் உண்டு. கோபத்தால் உறவு அறுந்துபோவதில்லை. இந்த மனிதக் குரங்கின் மரபு ஏட்டில் 300 கோடி எழுத்துகள் உள்ளன. அதன் வரைவு 2001-இல் வெளியாயிற்று. 2003-இல் திட்டம் நிறைவெய்தியது. மதுரைக்காரர் ஒருவரையும் நார்வே நாட்டார் ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்துத்தான் மாறியிருக்கும். மேலைத்தெருக்காரரையும் கீழைத்தெருக்காரரையும் நிறுத்தினாலும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். இங்கே 20,000 மரபணுக்களும் பெரும்பாலும் எல்லோரிடத்திலும் இருக்கின்றன. எழுத்துப்பிழை அளவுக்கே மாற்றம். கடல் நுண்ணுயிரிலோ ஏட்டில் பாதி அத்தியாயங்கள் வேறு.

நம் உறவினனாகிய சிம்பன்சிக் குரங்கோடு ஒப்பிட்டாலும் நாமே ஒருமைப்பட்டவர்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் எஞ்சியிருக்கும் சிம்பன்சிகள் சில லட்சம். நாமோ 800 கோடி. ஆயினும் அவற்றிடையே உள்ள மரபு வேற்றுமை நம்மிடையே உள்ளதைக் காட்டிலும் அதிகம். எண்ணிக்கையில் பெருத்த நாம் வேற்றுமையில் சிறுத்தது எப்படி? நாம் ஒரு சிறு கூட்டத்தின் வழிவந்தவர்கள் என்பதே காரணம். நம் முன்னோரில் இனம் பெருக்கியவர் தொகை நெடுங்காலம் பத்தாயிரம் என்ற அளவில்தான் இருந்திருக்கவேண்டும் என்று இன்றைய வேற்றுமையைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். சித்திரைத் திருவிழாவில் வைகையாற்றின் ஒரு கரையில் நெருக்கியடிக்கும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். அதைவிடக் குறைவு அத்தொகை! ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்கள் எல்லோரும், பெரும்பாலும், 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டுவந்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகளே. பெர்முடாக் கடல் நீரில் கிளைகளின் இடைவெளி பத்து லட்சக்கணக்கில். நம் இடைவெளி பத்தாயிரக் கணக்கில்.

இத்துறையில் நாம் நன்றியோடு நினைக்கவேண்டிய அறிஞர் ரிச்சர்டு லெவான்டின். மார்க்சியத்தைத் தம் கொள்கை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட அமெரிக்க விஞ்ஞானி. ரத்தப் பிரிவுகளையும் ரத்தப் புரதங்களையும் கொண்டு உலக மக்களை 1972-ஆம் ஆண்டில் அவர் கணக்கெடுத்தார். மனிதரிடையே உள்ள வேற்றுமையில் நூற்றுக்கு 85 பங்கு ஒரே மக்கட்கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘இனம்’ என்று சொல்லப்படும் பெரும் பிரிவுகளுக்கு இடையே இருப்பது ஆறு பங்குதான் என்று கண்டார். அதாவது, உமக்கும் அயலூர்க்காரருக்கும் உள்ள வேற்றுமையில் பெரும்பங்கு, உமக்கும் உம் சாதிக்காரருக்கும் இடையிலேயே இருப்பதுதான்! இதற்கு மறுப்பும் வந்தது. 2003-இல் எட்வர்ட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், ஒவ்வோர் அடையாளத்தையும் தனியே பார்க்காமல் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவர் எப்பகுதி மக்களைச் சேர்ந்தவர் என்று சொல்லிவிடலாம் என்றார். மெய்தான், அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. பேச்சைக் கேட்டே இவர் மதுரை, இவர் நெல்லை என்று சொல்லிவிடுகிறோமல்லவா? அதுபோல் ரத்தத்தைக்கொண்டு ஊரைச் சொல்லலாம். உயர்வைச் சொல்ல இயலாது.

நிற்க. இது வெறும் ஏட்டுச் சுரைக்காயாகப் போய்விடலாகாது. நம் மதுரைச் சமவெளியிலேயே, உசிலம்பட்டிப் பக்கத்திலேயே, இந்த ‘ரத்தம்’ பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பிரிட்டிஷ் ஆட்சியில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1871-இல் வடநாட்டில் பிறந்து, 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நுழைந்தது. ஒருவன் திருடினான் என்று தண்டிப்பது சட்டம். திருடுகிறவன் வயிற்றில் பிறந்தான் என்று தண்டிப்பது இந்தச் சட்டம். குற்றம் ரத்தத்தில் ஓடுகிறது என்பதே அதன் அடிப்படை. பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன்கீழ் கொண்டுவரப்பட்டது. கைரேகை வைக்கவேண்டும்; இரவில் போலீசார் குறித்த இடத்தில் படுத்து எழவேண்டும்; ஊரைவிட்டுப் போகச் சீட்டு வேண்டும். மக்கள் அதற்கு இட்ட பெயர் ரேகைச் சட்டம். ரேகை வைக்க மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். ‘ரோசாப்பூ துரை’ என்று அவர்கள் அன்போடு அழைத்த மனிதர் அவர்; கேரளத்தில் பிறந்தவர்; கிறித்தவர். ரத்த சம்பந்தம் இல்லாதவர்தாம் ரத்தப் பழியை எதிர்த்து நீதிமன்றத்தில் நின்றார்! சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-இல்.

அரை நூற்றாண்டு கழிந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பனும், ஸ்பென்சர் வெல்ஸ் என்னும் வெளிநாட்டு ஆய்வாளரும் தென்னாட்டு மக்களின் ரத்தத்தை ஆராய்ந்தனர். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் என்ற மரபுச் சரத்தில், எம்130 என்று குறிக்கப்பட்ட பழைய அடையாளம் ஒன்றை அவர்கள் தேடினர். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்துவந்து, இந்தியாவைக் கடந்து, ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதி மனிதர் விட்டுச்சென்ற அடிச்சுவடாக அதனைக் கருதினர். ஆஸ்திரேலிய ஆதிகுடிகளிடம் அது இருந்தது. இடையில் இந்தியாவில்? உசிலம்பட்டி வட்டாரத்தில் ஜோதிமாணிக்கம் என்னும் ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞரின் ரத்தத்தில் அது கிடைத்தது. 2003-இல் வெளிவந்த ஆவணப்படத்தில் உலகமே அச்செய்தியைக் கண்டது.

பெருங்காமநல்லூரும் அப்பக்கம்தான், ஜோதிமாணிக்கமும் அப்பக்கம்தான். ஒரு சாம்ராஜ்யம் ‘இந்த ரத்தத்தில் குற்றம் இருக்கிறது’ என்று ரேகை பிடித்த அதே மண்ணில், அதே மக்களின் ரத்தத்தை விஞ்ஞானம் எடுத்துப் பார்த்தது. மனித குலத்தின் நடைப்பயணம் அதில் இருந்தது, குற்றம் இருக்கவில்லை.

ஆனால் இதைக் கேட்டதும் இன்னொரு தவறு முளைக்கும். ‘ஆகா, நாங்கள்தாம் முதல் இந்தியர்; எங்கள் சாதியே மூத்த சாதி’ என்று மீசையை முறுக்கத் தொடங்குவார்கள். தோழர்களே, அதற்கும் இடமில்லை. ஒய் குரோமோசோம் காட்டுவது தந்தையின் தந்தையின் தந்தை என்று மேலே செல்லும் ஒற்றை இழை. இருபது தலைமுறை பின்னால் சென்றால் ஒருவருக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மூதாதையர் இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றின் கதையை மட்டும் அது சொல்லுகிறது. மற்ற அத்தனை பேரும், அவர்களுள் எல்லாத் தாய்மாரும், அதில் இல்லை. அந்த அடையாளம் ஒரே சாதியின் சொத்தும் அன்று. வெவ்வேறு சமூகத்தாரிடமும் காணப்படுவது. அது பட்டயமன்று, பயணச்சீட்டின் ஒரு கிழிசல். அதைச் சட்டம்போட்டு மாட்டிக்கொள்ளுகிறவன், ரேகை பிடித்த துரையின் வாதத்தையே தலைகீழாகப் பேசுகிறான்.

ரத்தத்தின் பெயரால் இழிவுபட்ட மக்கள் வாழும் இதே சமவெளியில், ரத்தத்தின் பெயரால் பிறரை விலக்கியதும் நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மையானவன் ஆகேன். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்ற காரணத்தால் 1996 முதல் பத்தாண்டுக் காலம் முறையான தேர்தலே நடக்கவொட்டாமல் தடுத்தனர், 2006-இல்தான் நடந்தது. மேலூர்ப் பக்கம் மேலவளவில், அத்தகைய தேர்தலில் வென்று தலைவரான முருகேசனையும் அவரோடு சென்றவர்களையும் 1997 ஜூன் 30-ஆம் நாள் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றனர். உத்தப்புரத்தில் 1989 கலவரத்தை ஒட்டித் தெருவுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு சுவரே எழுந்தது. போராட்டங்களுக்குப் பின் 2008 மே 6-ஆம் நாள் அரசு நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. சுவரின் இரு புறத்திலும் இருந்தவர்களின் மரபேடு ஆயிரத்துக்கு ஓர் எழுத்து மாறியிருக்கும், அவ்வளவே.

இந்த இடத்தில் படித்த சாதி அபிமானி ஒருவர் எழுந்து, ‘இந்தியாவில் சாதிக்குச் சாதி மரபணு வேறுபடுகிறது என்று விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்களே’ என்பார். எழுதியிருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முழுவதும் படிக்கவேண்டும். ஐதராபாத் ஆய்வு நிலையத்தாரும் அமெரிக்க ஹார்வர்டு அறிஞரும் சேர்ந்து 73 சமூகக் குழுக்களை ஆராய்ந்து 2013-இல் ஒரு முடிவு வெளியிட்டனர். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்நாட்டு மக்கள் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். மேல் என்பார், கீழ் என்பார், மலைவாழ் மக்கள் என எவரும் அக்கலப்புக்குத் தப்பவில்லை. அதன் பின்னரே கதவு சாத்தப்பட்டது. இதுவே அம்முடிவு. மதுரைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 31 குழுக்களை ஆராய்ந்து 2012-இல் எழுதியது சற்று மாறுபடுகிறது: ஆண்வழி மரபில் குழுக்களிடையே காணும் வேற்றுமை, வேளாண்மை பரவிய காலத்திலேயே, சாதி அமைப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றனர். காலத்தைப் பற்றி அறிஞர்கள் வாதிடட்டும். வேளாண்மையால் பிரிந்தார்கள் என்றாலும், சாதியால் பிரிந்தார்கள் என்றாலும், பிரித்தது மனிதர் வாழ்க்கையே. வேற்றுமை சாதியை உண்டாக்கவில்லை. மணக்கதவைச் சாத்தியதால் சிறு வேற்றுமை உறைந்து நின்றது. டாக்டர் அம்பேத்கர் 1916-இலேயே, தம் இருபத்தைந்தாம் வயதில், கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதியின் சாரம் அகமணமே என்று நிறுவினார். டி.என்.ஏ.யின் வடிவம் தெரியவந்தது 1953-இல். விஞ்ஞானம் வந்து சேருமுன்பே அவர் அங்கே காத்திருந்தார்.

அந்தக் கதவைச் சாத்தியதால் விளைந்த பயன் என்ன தெரியுமா? உயர்வா? 2017-ஆம் ஆண்டில் தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 81 குழுக்கள், சிறு கூட்டத்திலிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணந்து வந்ததால், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேரும் நோய்களுக்கு ஆளாகும் நிலையில் உள்ளன என்று கண்டனர். தென்னிந்திய வணிகச் சமூகம் ஒன்றில், அறுவைச் சிகிச்சைக்கு முன் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து சிலருக்கு உடலில் சிதையாமல் தங்கி, மூச்சுவிட முடியாமல் செய்துவிடுகிறது. இது மயக்க மருத்துவர் அறிந்த செய்தி. ‘சுத்த ரத்தம்’ என்று பெருமை கொண்டதற்கு ரத்தமே வாங்கிய வட்டி அது.

கடல் நுண்ணுயிரோ ‘சுத்தம்’ என்பதையே அறியாது. கடலில் திரியும் வைரசுகள் ஒன்றின் மரபணுவை எடுத்து மற்றொன்றில் சேர்க்கின்றன. வெயிலைப் பிடிக்கும் மரபணுக்கள்கூட இப்படிக் கைமாறுகின்றன. அதன் உடலிலிருந்து மரபுத் துணுக்குகளைச் சுமந்த நுண்குமிழ்கள் கடலில் உதிர்ந்து மிதப்பதையும் 2014-இல் கண்டுபிடித்தனர். அத்தனை வேற்றுமை இருந்தும் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. வேற்றுமையே இல்லாத நாமோ தெருவுக்குத் தெரு குவளையை மாற்றி வைத்தோம்.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்கிறேன். ‘நுண்ணுயிர் கலக்கிறது, ஆகவே நாமும் கலக்கவேண்டும்’ என்று நான் வாதாடவில்லை. இயற்கையிடம் நீதியை இரவல் வாங்கப் புறப்பட்டால் அது நம்மை எங்கே கொண்டு சேர்க்கும் என்பது தெரியாது. அந்நுண்ணுயிரிலேயே மேல்நீரில் வாழும் வகை ஒன்று, ஆழத்து மங்கல் ஒளியில் வாழும் வகை ஒன்று என அடுக்குகள் உண்டு; ‘பார், இயற்கையிலும் மேல் கீழ் இருக்கிறது’ என்று எதிராளி அதையே பிடித்துக்கொள்வார். நம் அழகர்மலைப் பக்கம் பக்தர் கைப்பழத்தைப் பறிக்கிறதே, அந்தக் குரங்கினத்தில், தாய்க் குரங்கின் தரம் மகளுக்கு வாரிசாக வருவதை ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். பிறப்பால் தரம்! சாதி முறைக்கு இயற்கையில் மேற்கோள் தேடுவோர்க்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது, எடுத்துக்கொள்ளட்டும்.

மெய்யாகவே மனிதர் அந்த நுண்ணுயிர்களைப்போல் வேறுபட்டிருந்தால் என்ன? ஒருவனிடம் இருக்கும் மரபணு மற்றவனிடம் இல்லாதிருந்தால், அவனுக்குப் பொதுக்கிணறு மறுக்கப்படலாமா? கூலி குறைக்கப்படலாமா? கூடாது. வேலை செய்தவனுக்குக் கூலி, தாகித்தவனுக்குத் தண்ணீர் என்பதற்கு மரபணுச் சான்றிதழ் தேவையில்லை. 1939 ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயரும் கக்கன் முதலியோரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, அவர்கள் கையில் ஆய்வகச் சீட்டு எதுவும் இருக்கவில்லை. சமத்துவம் நம் கோரிக்கை. விஞ்ஞானத்தின் தயவில் பெற்றதன்று. விஞ்ஞானம் நமக்குச் செய்யும் உதவி வேறு: எதிரியின் பொய்ச் சாட்சியைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்வது. அவ்வளவுக்கு அதைப் பயன்படுத்துவோம்.

கீழடியில் கிடைத்த பானையோடுகளில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று ஆட்பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அப்பெயர்களுக்குப் பின்னே வால் எதுவும் இல்லை. அங்கே வாழ்ந்தவர் எந்தச் சாதி என்று கேட்பவர்களை நானும் சந்தித்திருக்கிறேன், நீங்களும் சந்திப்பீர்கள். கொந்தகைத் தாழிகளில் கிடைத்த எலும்புகளை மதுரைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்துவருகிறார்கள். அவற்றிலிருந்து எந்த ஊர்க் கலப்பு, எந்தக் காலத்துக் கலப்பு என்று வேண்டுமானால் நாளை சொல்லக்கூடும்.

இவ்வளவையும் தேநீர்க் கடையில் எப்படிச் சொல்வது என்று ஒரு தோழர் கேட்டார். நுண்ணுயிரின் பெயரை அங்கே சொல்லவேண்டாம், தேநீர் ஆறிப்போகும். ரத்தப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். அது எல்லோருக்கும் தெரிந்தது. ஏ, பி, ஓ என்ற பிரிவுகளை லேண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்தது 1901-இல். தந்தை ஏபி, தாய் ஓ என்றால் அண்ணன் ஏ ஆகவும் தம்பி பி ஆகவும் பிறக்கலாம். அண்ணன் ரத்தத்தைத் தம்பிக்கு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இந்த ஏ, பி வேற்றுமை மனிதன் தோன்றுவதற்கு முன்பே குரங்கினத்தில் தோன்றியது. கிப்பன் குரங்கிடமும் அது உண்டு, இரண்டு கோடி ஆண்டுப் பழமை உடையது என்று 2012-இல் கண்டனர். ஆக அந்த ஒரு மரபணுவைப் பொறுத்தமட்டில், ஏ பிரிவு அண்ணனுக்குப் பி பிரிவுத் தம்பியைவிட ஏ பிரிவுக் கிப்பன் நெருங்கிய உறவு! இதைச் சொன்னால் கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரித்தவர் அடுத்த வார்த்தையைக் கேட்பார்.

அப்போது மருத்துவமனையைச் சொல்லுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு நாலாபக்கத்து ஊர்களிலிருந்தும் விபத்தில் அடிபட்டோரும் பிரசவ வேதனைப்படுவோரும் வருகிறார்கள். ரத்தப் பையைக் கொண்டுவரும் செவிலியைப் பார்த்து, இது எந்தத் தெரு ரத்தம் என்று எந்த உறவினரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவரால் சொல்ல இயலாது. பிரிவு, பாசிட்டிவா நெகட்டிவா என்பது, எடுத்த நாள், கெடு நாள், பையின் எண், இன்ன நோய்களுக்குச் சோதித்தாயிற்று என்ற குறிப்பு. பையின்மேல் ஒட்டிய சீட்டில் எழுதியிருப்பவை இவைதாம்.